குடித்துவிட்டுச் சொல்

ஜூன் 3

ஆஸ்பத்திரியில் எட்டாவது நாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி பொழுதுக்கும் சாமி பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. கூட்டுறவுச் சங்கம் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியில் இதுவரை பால் வராத நாளை மட்டும் குறித்து வந்தேன். இப்போது எழுதுகிறேன். எழுதாவிட்டால் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன் போலிருக்கிறது, அது இங்கே அழகாக இருக்காது.

என் வீட்டுக்காரர் செங்கோடன், ரிட்டையர் ஆன பி.டி. வாத்தியார். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்தியே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவர். அந்தக் குரல்வளையில் புற்று வந்து, டாக்டர்கள் அதை முழுசாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு ஓட்டை, மூச்சு அதன் வழியாக. மூக்கில் ஒரு குழாய், கஞ்சி அதன் வழியாக. இனிப் பேச்சு கிடையாது.

இன்றைக்கு அவர் கையில் ஒரு சிலேட்டும் பல்பமும் கொடுத்தேன். மகள் பிருந்தா பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்து கட்டில் ஓரம் நின்றிருந்தாள். சாவைப் பார்த்துவிட்டு வந்த மனுஷன் முதலில் என்ன எழுதுவார் என்று அவளுக்கு ஆவல். சிலேட்டை மடியில் சாய்த்து எழுதினார்.

"காபி."

பிருந்தா அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நர்ஸ் பார்த்ததால் இருமினேன்.

ஜூன் 4

இதையும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாராவது என்னைக் கல்நெஞ்சக்காரி என்று சொன்னால் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம், அவருடன் வேலை பார்த்த நாலு வாத்தியார்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் போட்டுக் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதென்ன, பாத்ரூம் கழுவ வெச்சிருந்ததா" என்று கேட்டார். கேட்டுவிட்டு வாசலில் நின்ற அரளிச் செடிக்கு ஊற்றினார். நாலு பேரும் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறி நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்றைக்குக் காபி குடிப்பதை விட்டேன். இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. போடுவதை விடவில்லை, விட முடியாது. பொடியை அவரே போய் அரைத்து வருவார். ஃபில்டரில் போடுவது என் வேலை, குற்றம் சொல்வது அவர் வேலை. தினமும் நாலு காபி, காபிக்கு ஒரு சிகரெட். நான் வேலை பார்க்கும் கிளை நூலகத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை இருக்கிறது. அந்த டீயும் ஒன்றும் அமிர்தமில்லை. அது அவருடையதில்லை என்பதுதான் அதன் ருசி.

ஜூன் 8

தையல் ஓரிடத்தில் கசிகிறதாம். உள்ளே சின்ன ஓட்டை. அது தானாக மூட ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை வாய் வழியாக ஒரு சொட்டு இறங்கக் கூடாது, எச்சிலைக்கூடத் துப்பிவிட வேண்டும்.

இதை டாக்டர் சொல்லி முடித்ததும் அவர் சிலேட்டை எடுத்து, அதே வார்த்தையை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். படித்த டாக்டர் என்ன செய்வார், பாவம். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஜூன் 12

வீட்டுக்கு வந்தாயிற்று. குழாயில் கஞ்சி விட, கழுத்து ஓட்டையைச் சுத்தம் செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கி வருகிறார்கள். விழுங்க முடியாதவனுக்கு ஆரஞ்சு. உட்கார்ந்து உரித்து அவர்களே தின்றுவிட்டும் போகிறார்கள்.

ஜூன் 14

காபியைக் குழாயில் விடச் சொல்லி ஒரே பிடிவாதம். நர்ஸுக்கு போன் போட்டேன். ஆறவைத்து வடிகட்டி விடலாம் என்றாள்.

ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து மெல்ல விட்டேன். பூஜையில் உட்கார்ந்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுதினார்: "வயித்துல இளஞ்சூடு. அவ்ளோதான்."

ஒரு நல்ல டம்ளர் காபி. சாக்கடையில் கொட்டியிருந்தாலும் ஒன்றுதான்.

ஜூன் 15

இன்றைக்குச் சிலேட்டில்: "நீ குடி. குடிச்சிட்டுச் சொல்லு."

"எனக்குக் காபி ஆகாதுங்க" என்றேன்.

"ஒரு வாய்" என்று எழுதினார். தாழ்மையாக எழுதியிருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் கீழே கோடு போட்டிருந்தது. குரல் போனாலும் அதட்டல் போகவில்லை.

முடியாது என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

ஜூன் 17

நேற்றிலிருந்து கஞ்சி விடப் போனால் குழாயை மடித்துப் பிடித்துக்கொள்கிறார். அறுபது வயது மனிதர்.

அவருடைய அக்கா பாவாயி வந்தாள். தம்பியின் கன்னத்தைத் தடவி அழுதுவிட்டு சமையலறைக்கு வந்தாள்.

"ஏனம்மிணி, அவன் கேக்கறான்னு ஒரு வாய் குடிச்சுப்போட்டாத்தான் என்ன? வெசமா குடுக்கறான்?"

"நங்கையா, நான் போடற காபிய வெசம்னுதானுங்க இத்தன வருசமா சொன்னாரு."

"அதுக்கு இப்பப் பழி தீக்கறயா?"

"இல்லீங்க" என்றேன்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள், அதுதான் யோசனை.

ஜூன் 19

எடை நாற்பத்தேழு கிலோ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சத்து ஏறினாத்தாம்மா புண்ணு மூடும். இப்பிடியே போச்சுன்னா ஓட்ட பெருசாயி, பக்கத்துல ரத்தக்குழாய் இருக்குது, அது புட்டுக்கும். அப்பறம் எங்க கையில ஒண்ணுமில்ல. எப்பிடியாவது ஒத்துக்க வைங்க."

ஆட்டோவில் வரும்போது பக்கத்தில் பார்த்தேன். சட்டைக் காலருக்குள் கழுத்து, பானைக்குள் விட்ட கரண்டி மாதிரி நின்றது. மைதானத்தில் பிள்ளைகளை வெயிலில் முட்டி போட வைத்த ஆள். ஒரு டம்ளர் காபிக்காகச் சாகத் துணிந்திருக்கிறார். இதைவிடக் கேவலமான காரணம் இந்த ஜில்லாவில் யாருக்காவது இருக்குமா என்று தெரியவில்லை.

ஜூன் 20

குடித்தேன்.

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார், நான் நாற்காலியில். ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குது" என்றேன்.

சிலேட்டு: "எந்தக் கசப்பு?"

"கசப்புல எத்தன இருக்குதுங்க?"

"வெந்தயமா, வேப்பங்கொழுந்தா, சுண்டைக்காயா?"

இன்னொரு வாய் குடிக்க வேண்டியதாயிற்று. வெந்தயமில்லை. வேப்பங்கொழுந்தும் இல்லை. "அகத்திக்கீரை மாதிரி. வாயில இருக்கறப்பத் தெரியல, போனப்பறம் தெரியுது" என்றேன்.

கண்ணை மூடித் தலையாட்டினார். பிறகு எழுதினார்: "அப்பறம்?"

அப்பறம், அப்பறம் என்று டம்ளர் காலியாகும்வரை கேட்டார். பிறகு குழாயை அவரே நீட்டினார். கஞ்சி முழுதும் இறங்கியது.

நாக்கில் அந்தக் கசப்பு சாயங்காலம் வரை இருந்தது. இரண்டு தடவை வாய் கொப்பளித்தேன்.

ஜூன் 22

ஒரு விஷயம் இன்றைக்குத்தான் உறைத்தது. நான் என்ன சொன்னாலும் அவர் நம்பித்தான் ஆக வேண்டும்.

"கருகின வாடை" என்றேன் காலையில். இல்லவே இல்லை, டிகாக்ஷன் கண்ணாடி மாதிரி இறங்கியிருந்தது. பதறிப் போனார். பொடியை மாற்று, தண்ணீர் கொதித்ததும் உடனே ஊற்றாதே என்று இரண்டு பக்கம் சிலேட்டு. மறுபடி போட்டேன். "இப்பப் பரவால்லீங்க, ஆனாப் பழசான மாதிரி இருக்குது" என்றேன். மறுபடி.

மூன்று டம்ளர் நான்தான் குடித்தேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க எவ்வளவு காலம் காத்திருந்தேன். பார்த்தேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 24

துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தால் சமையலறையில் நிற்கிறார். பொடி டப்பாவைத் திறந்து மூக்கின் கீழ் பிடித்திருந்தார். எடுத்தார், மறுபடி பிடித்தார். ஒரு சிட்டிகை எடுத்து மூக்கில் தேய்த்தார். என்னைப் பார்த்ததும் டப்பாவை மூட வரவில்லை, பொடி கொட்டியது.

"வாசனை வரல" என்று எழுதிக் காட்டினார்.

"மூக்குல குழா இருக்குதல்லங்க. எடுத்தா வரும்" என்றேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். மூச்சு இனி மூக்கு வழியாகப் போகாது. காற்று போகாத மூக்குக்கு வாசனை ஏது. குழாயை எடுத்தாலும் அப்படித்தான், கடைசி வரைக்கும். பயிற்சி செய்தால் சிலருக்குக் கொஞ்சம் தெரியலாமாம், நம்பிக்கை வைக்க வேண்டாமாம். "ஆபரேஷனுக்கு மின்னாடியே சொன்னமேம்மா" என்றார். சொல்லியிருப்பார்கள். பேச்சு போய்விடும் என்றதுக்கு மேல் நாங்கள் எதையும் கேட்டிருக்க மாட்டோம்.

காபியில் பாதி மூக்கில்தான் இருக்கிறது. நாலு நாள் குடித்ததிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது.

ஜூன் 25

சொல்லவில்லை. இந்த மாதிரி ஒரு செய்தியைச் சொல்வதற்கென்று ஒரு நாள் வரும். என்னை அவர் கேவலமாக ஏதாவது எழுதட்டும், அன்றைக்குச் சொல்கிறேன்.

ஜூலை 1

பொடி தீர்ந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் பொடிக்கடைக்குப் போனேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்து. கடைக்காரர் என் வயதுக்காரர், வாத்தியார் வீடு என்றதும் எழுந்து நின்றார்.

"சார் எப்பிடிங்க இருக்காரு? எப்பவும் போடறதே போட்டரலாங்களா? சிக்கரி நூத்துக்கு இருவது?"

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவர் சொன்னார்: "உங்களுக்குத்தான் காபின்னாலே ஆகாதாமா. சார் சொல்லுவாரு, வீட்ல காபின்னா என்னன்னே தெரியாத ஒரு ஜென்மம்னு." சொல்லிவிட்டுச் சிரித்தார். தமாஷ் என்று நினைத்துவிட்டார், மடையன்.

"சிக்கரி வேண்டாங்க" என்றேன். "அந்த மேல் சாக்குல இருக்கற கொட்டைய எடுத்துக் காட்டுங்க."

ஏற்காட்டுக் கொட்டையாம். இரண்டை வாயில் போட்டு மென்றேன். வறுப்பு அதிகம். குறைவாக வறுத்தது கேட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. மூன்று வகை மென்று பார்த்து ஒன்றை அரைக்கச் சொன்னேன். வரும்போது பஸ்ஸில் பையிலிருந்து கிளம்பிய வாசனையில் முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். நான் அவளை முறைத்தேன்.

ஜூலை 3

புதுப் பொடி. ஒரு வாய் குடித்துவிட்டு அவரிடம் சொன்னேன். கசப்பு குறைவு. முதலில் ஒரு புளிப்பு, நாவல்பழம் தின்ற பிற்பாடு பல்லில் இருக்கிற மாதிரி. நடுவில் சுட்ட பனங்கிழங்கு. முடிவில் ஒன்றும் ஒட்டவில்லை, வாய் சுத்தமாக இருக்கிறது.

பல்பத்தைச் சிலேட்டின் விளிம்பில் தேய்த்துக் கூராக்கினார். பிறகு: "இது என் காபி இல்லியே."

"இல்லீங்க."

"யாருது?"

"என்னுது" என்றேன்.

இப்போது கேவலமாக ஏதாவது எழுதுவார், நானும் அந்தச் செய்தியைச் சொல்லிவிடலாம் என்று தயாராக நின்றேன். எழுதினார்.

"அன்னிக்குக் கருகலதானே?"

"கருகல."

தலையாட்டினார், அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. துடைத்துவிட்டு எழுதினார்: "பனங்கிழங்கு, தோலா உள்ளயா?"

"தோலு."

ஆளைப் பிடித்துக் கிள்ளலாம் போலிருந்தது.

ஜூலை 9

இப்போதெல்லாம் ஐந்தரைக்கே எழுந்துவிடுகிறேன். அவருக்குச் சொல்ல வேண்டிய காபி ஏழு மணிக்குத்தான். அதற்கு முன் ஒன்று போட்டுப் பார்த்தால் பதம் சரியா என்று தெரிந்துகொள்ளலாம். அதற்காகத்தான்.

பின்வாசல் படியில் உட்கார்ந்து குடிக்கிறேன். யாரும் அப்பறம் என்று கேட்பதில்லை. ஆனாலும் மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன். கெட்ட பழக்கம் தொற்றிவிட்டது.

ஜூலை 14

பாவாயி நங்கை வந்தாள். காபி கொடுத்தேன். "என்னடி இது, தண்ணியாட்ட" என்றாள்.

"உங்க நாக்குக்கு அப்பிடித்தானுங்க இருக்கும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று உறைத்தது. உள்ளே கட்டிலில் அவர் கழுத்து ஓட்டையின் மேல் கட்டியிருந்த துணி படபடவென்று அடித்துக்கொண்டது. எட்டிப் பார்த்தேன். சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

எடை ஐம்பத்திரண்டு.

ஜூலை 17

இன்றைக்குக் காலையில் படியில் உட்கார்ந்திருந்தபோது, சாகிற அன்றைக்கும் எனக்கு இது ஒரு டம்ளர் கிடைக்க வேண்டும் என்று தோன்றியது. எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். இருக்கட்டும். ஐம்பத்தொரு வயதில் புத்தி கெட்டதற்கு ஒரு சாட்சி.

ஜூலை 21

வெள்ளை மருந்தை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். கசிவு இல்லை. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் தண்ணீரும் கஞ்சியும், அப்புறம் எதுவும் குடிக்கலாம்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வருவேன் என்று அடம் பிடித்தார். வழியில் ஒரு ஹோட்டல் வாசலில் நின்று மூக்கை நீட்டினார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 23

வீட்டில் என்னவோ காதுகுத்து மாதிரி கூட்டம். பாவாயி, அவள் வீட்டுக்காரர், பழைய வாத்தியார்கள் இரண்டு பேர். ஒரு மனிதன் காபி குடிப்பதைப் பார்க்க பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். வேறு வேலை இல்லாத ஜனம்.

என் பொடியில்தான் போட்டேன். டவராவில் ஆற்றி, டம்ளரை அவர் கையில் கொடுத்தேன். டாக்டர் சொன்னபடி தாடையைத் தாழ்த்தி ஒரு வாய் விழுங்கினார். இறங்கியது. எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணைப் பார்த்தேன்.

தோற்றுப்போன டீமைத் தட்டிக்கொடுக்கிற வாத்தியார் முகம் ஒன்று அவருக்கு உண்டு. அந்த முகத்தோடு சிலேட்டை எடுத்து எழுதினார்: "பிரமாதம்."

பாவாயி அழுதாள். வாத்தியார்கள் கை தட்டினார்கள்.

எல்லாரும் போன பிறகு துடைத்துவிட்டு எழுதினார்.

"கசக்கற வெந்நீர்."

நான் டவராவைக் கழுவ எடுத்தேன்.

"இனி வராதா?"

"வராதுங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன மாசம் இருவத்தி நாலு."

"ஏன் சொல்லல?"

சரியான நாளுக்காக வைத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது. அந்த நாள் ஏழெட்டுத் தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் அடுப்பில் ஏதோ வேலை இருந்தது.

"நீங்க கேக்கலையே" என்றேன்.

டம்ளரில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அதை என் பக்கம் நீட்டினார். ஆறிப்போயிருந்தது. அவர் குடித்த எச்சில், அதுவும் ஆறினது. வாங்கிக் குடித்தேன். அவர் எதுவும் எழுதிக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். ஆறினால் புளிப்பு மேலே வந்துவிடுகிறது, கொடுக்காப்புளிக்கும் நாவல்பழத்துக்கும் நடுவில், பால் தனியாகத் தெரிகிறது, அடியில் கொஞ்சம் வெல்லப்பாகு. கடைசிச் சொட்டு வரைக்கும் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காது மட்டும் என் பக்கம் இருந்தது.

ஜூலை 28

ஐந்து நாளாகச் சிலேட்டைத் தொடவில்லை. சாப்பிடுகிறார், தூங்குகிறார். காபி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். சொல்லட்டுமா என்று கேட்டேன். அதுவும் வேண்டாம்.

போகட்டும். எனக்கு நிம்மதி. காலையில் என் காபியை யாருக்கும் விளக்காமல் குடிக்கிறேன்.

ஜூலை 31

விளக்காமல் குடித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 3

நூலகத்தில் என் லீவு முடிந்தது. வியாழக்கிழமை வேலைக்குச் சேர வேண்டும். நான் இல்லாத நேரத்துக்கு பாவாயி வந்து இருப்பாள். அவரிடம் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மரக்கட்டையோடு குடும்பம் நடத்தலாம், அது காய்ந்தாலாவது எரியும்.

ஆகஸ்ட் 6

இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் நாள் வேலை. குளித்துப் புடவை கட்டிக்கொண்டு வந்தால் சமையலறையில் பாத்திரம் விழுகிற சத்தம்.

ஃபில்டரின் முன்னால் நின்றிருந்தார். இந்த மனிதர் இதுவரை அடுப்பு பற்றவைத்துப் பார்த்ததில்லை. பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. பொடி தரையில். கழுத்துத் துணியில்கூடப் பொடி. சூடாக இருந்த ஃபில்டரை வெறுங்கையால் பிடித்து விரல் சிவந்திருந்தது. ஒரு டம்ளரை என் முன்னால் வைத்து, சிலேட்டை இடுப்பிலிருந்து எடுத்தார். எழுதி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"குடிச்சிட்டுச் சொல்லு. நெசத்தச் சொல்லு."

நின்றபடியே ஒரு வாய் குடித்தேன். சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தார். டிகாக்ஷன் பாதிகூட இறங்குவதற்குள் பிடித்திருந்தார். பால் அடிப்பிடித்திருந்தது.

"இத மனுசங் குடிப்பானாங்க?" என்றேன்.

கழுத்துத் துணி படபடத்தது. சிரித்துக்கொண்டே பல்பத்தை எடுத்தார்.

"என்ன பண்ணணும்?"

"பொடிய அழுத்தாதீங்க. கொதிச்ச தண்ணிய ஒரு நிமிசம் வெச்சிருந்து ஊத்துங்க. ஊத்திட்டு அதையே பாத்துட்டு நிக்காம வேற வேலையப் பாருங்க."

திரும்பிப் போய் ஃபில்டரைக் கழுவினார். எட்டு மணி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, எனக்குக் கேட்டது. ஒரு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிக்கொள்ளலாம் என்று கைப்பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இரண்டாவது டம்ளர் வர இருபது நிமிஷம் ஆனது. முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, நன்றாக வந்திருந்தது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி நின்றார்.

"இன்னும் வரல" என்றேன். "நாளைக்குப் போட்டுப் பாருங்க."